கேளுங்க சொல்றேன்: லிங்க் வந்தா வியாபாரம் வருமா?

போன தடவை வெப்சைட் நடத்துறவங்க உங்க சந்தேகத்தை எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன், வந்த கடிதத்துல பாதிக்கு மேல லிங்க் பத்தித் தான் இருந்துச்சு, அதாவது மத்த தளங்கள்ல இருந்து நம்ம தளத்துக்கு வர்ற லிங்க், பேக்லிங்க்னும் சொல்வாங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, நானும் என் தம்பியும் சேர்ந்து தையல் மெஷின் உதிரி பாகம் விக்கிற வெப்சைட் நடத்துறோம். ஊசி, பாபின், பாபின் கேஸ், பெல்ட்னு எல்லாம் இருக்கு. ஆறு மாசம் முன்னாடி ஒரு எஸ்இஓ (தேடல்ல தளத்தை மேல கொண்டு வர்ற வேலை) ஏஜென்சி ஐநூறு பேக்லிங்க் தர்றோம்னு காசு வாங்கிட்டு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினாங்க. ட்ராஃபிக் நகரவே இல்ல, ஆர்டரும் அப்படியே தான். லிங்க்னாலே ஏமாத்து வேலை தானா? ஷீட்டை இணைச்சிருக்கேன்.

லிங்க் ஏமாத்து வேலை இல்லப்பா, உங்களுக்கு லிங்க்னு சொல்லி வித்தது தான் ஏமாத்து. ஷீட்டை ரெண்டு ராத்திரி உக்காந்து வரி வரியா திறந்து பார்த்தேன், மனசு கஷ்டமாத் தான் இருந்துச்சு. யாரும் எட்டிப் பார்க்காத டைரக்டரி, யாரோ எழுதின பதிவுக்குக் கீழ கமென்ட்ல ஒட்டினது, சிலது திறக்கவே இல்ல. ஒண்ணே ஒண்ணை மட்டும் சொல்றேன், மத்ததும் புரிஞ்சிடும். நாய்க்குட்டிக்கு எந்த வயசுல தடுப்பூசி போடணும்னு ஒரு கட்டுரை, அதுல மூணாவது பாராவுல "ஊசி"ங்கிற வார்த்தைல உங்க கடை லிங்க்கை செருகியிருக்காங்க. அதைப் படிக்கிறவர் மடியில குட்டி இருக்கு, எதிர்ல தையல் மெஷின் இல்ல, அவர் அந்த லிங்க்கை எதுக்குத் தொடணும்? அவர் தொட மாட்டார்னா கூகுள் மட்டும் எதுக்கு மதிக்கணும்?

லிங்க்குக்கு மதிப்பு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா இது இன்னும் தெளிவாகும். கூகுளை ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998ல ஸ்டான்ஃபோர்டுல படிக்கும்போது எழுதின கட்டுரைல, ஒரு பக்கம் எவ்ளோ முக்கியம்னு அளக்கற பேஜ்ரேங்க் கணக்கை விளக்கியிருந்தாங்க. ஒரு ஆள் வெப்ல லிங்க் லிங்க்கா தாவிட்டே போறார்னு வெச்சுக்கோங்க, எந்தப் பக்கத்துல அவர் வந்து நிக்க வாய்ப்பு அதிகமோ அந்தப் பக்கம் முக்கியமான பக்கம், அவ்ளோ தான் அடிப்படை. அந்தக் கணக்குல 0.85னு ஒரு எண் வரும், நூறு தடவைல எண்பத்தஞ்சு தடவை அவர் ஏதோ ஒரு லிங்க்கைப் பிடிச்சுட்டுப் போறார், மிச்சம் பதினஞ்சு தடவை சலிச்சுப்போய் வேற எங்கயோ புதுசா ஆரம்பிக்கிறார்னு அர்த்தம். ஒரு பக்கத்துல பத்து லிங்க் இருந்தா அந்தப் பக்கத்தோட மதிப்பு பத்தா பிரியும். அப்புறம் 2010ல கூகுளுக்குக் கிடைச்ச ஒரு பேட்டன்ட்ல, எல்லா லிங்க்குக்கும் சமமா பிரிக்க வேணாம், படிக்கிறவர் எதை க்ளிக் பண்ண வாய்ப்பு அதிகமோ அதுக்குக் கூடுதலா, பக்கத்தோட அடியில பொடி எழுத்துல கிடக்கிறதுக்குக் கம்மியா குடுக்கலாம்னு இருந்துச்சு. நான் இத்தனை வருஷமா இந்த வேலைல பிடிச்சுக்கிட்டு இருக்கறது இந்த ஒண்ணைத் தான், க்ளிக் பண்ண ஒரு ஆள் இருக்கற லிங்க் தான் லிங்க், மத்ததெல்லாம் ஷீட்ல இருக்கற வரி.

காசுக்கு லிங்க் வாங்கறது ஒரு காலத்துல வேலை செஞ்சுது, அதை நான் மறுக்கல. அமெரிக்காவுல ஜேசி பென்னினு ஒரு பெரிய கடை, 2010 கடைசில பண்டிகை சீசன்ல ட்ரெஸ், பெட்ஷீட், கார்ப்பெட்னு எதைத் தேடினாலும் மேல வந்துட்டு இருந்துச்சு. 2011 பிப்ரவரில நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்து எழுதினாங்க, கொஞ்சமும் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கத்துல இருந்து அந்தக் கடைக்கு லிங்க் போயிட்டிருக்குன்னு. கூகுள் கையை வெச்சதும் ஒரு சூட்கேஸ் தேடல்ல முதல் இடத்துல இருந்த கடை ரெண்டே மணி நேரத்துல 71வது இடத்துக்குப் போயிடுச்சு. கடைக்காரங்க இந்த லிங்க் எல்லாம் எங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு சொல்லி எஸ்இஓ கம்பெனியை நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் 2012 ஏப்ரல் 24 பெங்குவின்னு கூகுள் தேடல்ல ஒரு மாற்றம் வந்துச்சு, அது இந்த மாதிரி லிங்க் வெச்சிருந்த தளங்களைக் கூட்டமா கீழ தள்ளிச்சு. 2016 செப்டம்பர்ல இருந்து பெங்குவின் கூகுளோட மெயின் அல்காரிதம்லயே கலந்து ஓடுது, இப்பெல்லாம் பெரும்பாலும் தண்டனைன்னு கூட இல்ல, அந்த லிங்க்கை கணக்குலயே சேர்க்காம விட்டுடுது. 2022 டிசம்பர்ல ஸ்பாம்பிரெய்ன்னு சொல்ற அவங்களோட ஏஐ சிஸ்டத்தை இதுலயும் இறக்கிட்டாங்க, லிங்க் வாங்கற தளத்தையும் கண்டுபிடிக்குது, லிங்க் விக்கிறதுக்குன்னே நடத்துற தளத்தையும் கண்டுபிடிக்குது. உங்க ட்ராஃபிக் கூடவும் இல்ல குறையவும் இல்லன்னீங்களே, அதுக்குக் காரணம் இது தான், ஐநூறும் சைபரா எண்ணப்பட்டிருக்கு. போன காசு போகட்டும், அடுத்த பேக்கேஜ் மட்டும் வாங்கிடாதீங்க.

அதே கடிதத்துல அவங்க தம்பி கீழ தனியா எழுதியிருந்தார்: அக்கா, நாங்க வெறும் கடை. எங்க கடைக்கு யாரு வந்து சும்மா லிங்க் குடுப்பாங்க?

நல்ல கேள்வி தம்பி, நியாயமான கேள்வியும் கூட. "பத்து ஊசி பாக்கெட், கார்ட்ல போடு"ன்னு இருக்கற பக்கத்துக்கு யாரும் லிங்க் குடுக்க மாட்டாங்க, குடுக்கணும்னு எதிர்பார்க்கவும் கூடாது. ஆனா உங்க கஸ்டமர் உங்களுக்கு ஃபோன் பண்ணி என்ன கேக்குறாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. உங்க தளத்துல இருக்கற ரிவ்யூவை நான் படிச்சேன், திரும்பத் திரும்ப ஒரே புலம்பல் தான், "ஊசி வந்துச்சு, என் மெஷின்ல உக்காரல". ஏன் உக்காரலன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். வீட்டு மெஷின் ஊசிக்கு மேல் தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும், பாக்கெட்ல எச்ஏ×1னோ 15×1னோ 130/705 எச்னோ போட்டிருக்கும், மூணும் ஒண்ணு தான். தொழிற்சாலை மெஷின்ல போடற டிபி×1 (DB×1) ஊசிக்கு தண்டு முழுக்க உருண்டை. இது தெரியாம வாங்கறவங்க ஊசி மேல கோவப்படுறாங்க. சைஸும் அதே மாதிரி தான், 90/14னு போட்டிருந்தா ஊசி 0.9 மில்லிமீட்டர் கனம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? மெல்லிசு துணிக்கு 70/10, சாதா காட்டனுக்கு 80/12, ஜீன்ஸுக்கு 100/16ன்னு மெஷின் கடைல நிக்கிற உங்களுக்குப் பழகிப்போன விஷயம், புதுசா மெஷின் வாங்கினவங்களுக்கு அது பெரிய புதிர். பாபினைக் கேக்கவே வேணாம், க்ளாஸ் 15ம் எல் டைப்பும் மேல இருந்து பார்த்தா ஒரே வட்டம், படுக்க வெச்சு உயரத்தைப் பார்த்தாத் தான் வித்தியாசமே தெரியும்.

இதை எல்லாம் ஒரே பக்கமா எழுதுங்க. ரெண்டு ஊசியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு தண்டு தெரியற மாதிரி கிட்டக்க ஃபோட்டோ எடுங்க, பாபினை ஸ்கேல் பக்கத்துல வெச்சு எடுங்க, ஃபோன் கேமராவே போதும். மெஷின் மாடலைப் போட்டா எந்த ஊசி, எந்த பாபின்னு சொல்ற ஒரு அட்டவணை போடுங்க, உங்ககிட்ட இருக்கற மாடல்ல இருந்து ஆரம்பிச்சு மெதுவா வளர்த்துக்கலாம். தையல் சொல்லிக் குடுக்கறவங்க, மெஷின் ரிப்பேர் பண்றவங்க, ட்ரெஸ் பேட்டர்ன் விக்கிறவங்க, துணி விக்கிறவங்க, இவங்க எல்லார்கிட்டயும் தினமும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுட்டுத் தான் இருக்காங்க, "இந்தப் பக்கத்தைப் பாருங்க"ன்னு கை காட்ட ஒரு இடம் கிடைச்சா அவங்களுக்கு ஒரு வேலை மிச்சம். லிங்க் குடுக்கறவங்க உங்களுக்காகக் குடுக்கறதில்ல, அவங்களைத் தேடி வர்ற ஆளுக்காகக் குடுக்குறாங்க. துணி விக்கிறவங்க உங்களுக்குப் போட்டியும் இல்ல, அவங்களோட வாடிக்கையாளரும் உங்களோட வாடிக்கையாளரும் ஒரே ஆள் தான், அதனால அங்கிருந்து வர்ற ஒரு லிங்க் தேடல்லயும் உதவும், நேரா ஆர்டராவும் மாறும்.

அப்புறம் நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. அந்த வழிகாட்டிப் பக்கத்துக்கு லிங்க் வந்து சேர்ந்துடும், ஆனா அங்கிருந்து ப்ராடக்ட் பக்கத்துக்கு வழியே இருக்காது. ஜீன்ஸுக்கு 100/16ன்னு சொல்ற வரிலயே அந்த பாக்கெட்டோட பக்கத்துக்கு லிங்க் குடுங்க, "இங்கே க்ளிக் செய்யவும்"னு வேணாம், "100/16 ஜீன்ஸ் ஊசி"ன்னு அந்த வார்த்தையையே லிங்க்கா வைங்க. உங்க தளத்துல ப்ராடக்ட் படத்தைத் தட்டினா பக்கம் மாறுது, ஆனா உள்ள கோட்ல, எங்க போகணும்னு முகவரி சொல்ற ஏ டேக் எச்ரெஃப் இல்ல, வெறும் ஜாவாஸ்கிரிப்ட் தான் இருக்கு, அந்த மாதிரி பட்டனை கூகுள் லிங்க்கா எடுத்துப் பின்தொடராது, டெவலப்பர்கிட்ட சொல்லி முதல்ல அதை மாத்துங்க. வெளில இருந்து வர்ற மதிப்பு உள்ள பாயணும்னா வாய்க்கால் வெட்டி வெச்சிருக்கணும்.

நீங்க சில கம்பெனிகளோட டீலர்னு எழுதியிருந்தீங்க, அந்தக் கம்பெனி தளத்துல டீலர் லிஸ்ட் இருக்கும், அதுல உங்க பேரும் லிங்க்கும் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இல்லன்னா ஒரு மெயில் போதும். இதை விட சம்பந்தமான லிங்க் எங்கயும் கிடைக்காது.

கேள்வி: லிங்க் கேட்டு மெயில் அனுப்பினா யாருமே பதில் போடறதில்ல மேடம். நான் அனுப்புற மெயில் கீழ இருக்கு, என்ன தப்புன்னு சொல்லுங்க.

நீங்க அனுப்பினதை இங்க போடல, வருத்தப்படாதீங்க. ஆனா "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, தங்கள் அருமையான வலைத்தளத்தைக் கண்டு வியந்தோம்"னு ஆரம்பிச்சிருக்கீங்க, எந்தப் பக்கத்தைப் படிச்சீங்கன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. நூறு பேருக்கு ஒரே மெயில்னு அடுத்தவங்களுக்கு ரெண்டு வினாடில தெரிஞ்சுபோயிடும். எனக்கே தினமும் இந்த மாதிரி வருது, நான் திறக்கறதே இல்ல.

முதல்ல அந்தத் தளத்தைப் படிங்க, படிக்கும்போது உடைஞ்ச லிங்க் ஏதாவது கண்ணுல படும், பழைய தளம்னா கண்டிப்பா இருக்கும். அந்த செத்த பக்கத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல போட்டுப் பாருங்க. அதே விஷயத்துல உங்ககிட்ட உருப்படியான பக்கம் இருந்தா மட்டும் எழுதுங்க. நான் எழுதினா இப்படித் தான் எழுதுவேன்:

"வணக்கம். ஜிப் மாத்தறது எப்படின்னு நீங்க எழுதின பக்கத்தைப் பார்த்து நேத்து ஒரு பேன்ட்டை சரி பண்ணேன், நன்றி. அதுல நாலாவது பாராவுல ஊசி அளவுன்னு ஒரு லிங்க் குடுத்திருக்கீங்க, அது இப்போ திறக்கல. அதே விஷயத்தை நாங்க ஃபோட்டோவோட எழுதி வெச்சிருக்கோம், சரியா இருந்தா அந்த இடத்துல போட்டுக்கலாம். வேற நல்ல பக்கம் கிடைச்சா அதையே போடுங்க, படிக்கிறவங்களுக்கு ஒரு வழி இருந்தா சரி."

அவ்ளோ தான், யூஆர்எலைக் கீழ போட்டுடுங்க. நேத்து பேன்ட்டை சரி பண்ணேன்ங்கறது நிஜமா இருக்கணும், நடக்காததை எழுதாதீங்க. ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல வேணாம். மெதுவான வேலை தான், ஒரு நாளைக்கு ரெண்டு மெயில் ஒழுங்கா எழுத முடிஞ்சா அதுவே பெருசு.

இதை விட சுலபமா ஒண்ணு இருக்கு, உங்க கடை பேரை ஏற்கனவே யாராவது எழுதியிருப்பாங்க, லிங்க் மட்டும் குடுத்திருக்க மாட்டாங்க. கடை பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டு, பக்கத்துல மைனஸ் போட்டு, இங்கிலீஷ்ல சைட்னு (site) எழுதி கோலன் வெச்சு, நடுவுல இடம் விடாம உங்க டொமைனைப் போட்டுத் தேடுங்க, உங்க தளத்தை விட்டுட்டு மத்த இடம் எல்லாம் வரும். உங்களை ஏற்கனவே பிடிச்சுப்போய் எழுதினவங்க, கேட்டா பெரும்பாலும் சரின்னு தான் சொல்வாங்க.

கேள்வி: டிஏ 70க்கு மேல இருக்கற தளத்துல லிங்க் வாங்கித் தர்றோம்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

வேணாம். டிஏ, அதாவது டொமைன் அத்தாரிட்டி, மாஸ்ங்கிற கம்பெனியோட எண், டொமைன் ரேட்டிங் ஏரெஃப்ஸ்ங்கிற கம்பெனியோட எண், ரெண்டுமே ஒரு தளத்தோட பலத்தை அவங்க அவங்க டூல்ல கணக்குப் போட்டு 100க்கு குடுக்கற மார்க், கூகுள் இதை எடுத்துக்கறதில்ல. கூகுளோட சொந்த பேஜ்ரேங்க் எண்ணை வெளில காட்டறதை 2016லயே நிறுத்திட்டாங்க. ரெண்டு தளத்தை ஒப்பிட்டுப் பார்க்க அந்த மார்க் உதவும், விலை பேசறதுக்கு இல்ல. டிஏ பெருசா இருந்து, காசு குடுக்கற எல்லார் கட்டுரையும் அதுல வருதுன்னா அந்தத் தளமே சந்தை. உங்க விஷயத்தையே நாள் பூரா பேசற, டிஏ 12 இருக்கற ஒரு சின்ன தளம் கிடைச்சா நான் அதைத் தான் எடுப்பேன்.

கேள்வி: நோஃபாலோ லிங்க் வேஸ்ட்டா? இன்னொண்ணு, எங்க ப்ராடக்டை சும்மா அனுப்பி ரிவ்யூ எழுதச் சொல்லி லிங்க் வாங்கறோம், அது காசு குடுத்த மாதிரி ஆகாது தானே?

ரெண்டாவதை முதல்ல சொல்லிடறேன், ஆகும். ப்ராடக்ட் குடுத்து அதுக்கு பதிலா லிங்க் வாங்கறதையும் கூகுள் தன்னோட ஸ்பாம் விதில லிங்க் வாங்கற கணக்குலயே சேர்த்திருக்கு. ரிவ்யூ வாங்கறது தப்பில்ல, அந்த லிங்க்ல ஸ்பான்சர்ட்னு, அதாவது காசுக்கோ பொருளுக்கோ வந்த லிங்க்னு, கோட்ல குறிச்சிடச் சொல்லுங்க, படிக்கிறவங்களுக்கும் ப்ராடக்ட் இலவசமா வந்ததுன்னு தெரியட்டும்.

நோஃபாலோங்கறது இந்த லிங்க்குக்கு மதிப்பு குடுக்க வேணாம்னு தேடல் தளத்துக்குச் சொல்ற குறி, அதை 2005ல கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் சேர்ந்து கொண்டு வந்தாங்க, கமென்ட்ல லிங்க்கைக் கொட்டறவங்களைத் தடுக்கறதுக்கு. 2019 செப்டம்பர்ல ஸ்பான்சர்ட், யூஜிசி (தளத்துக்கு வர்றவங்க எழுதறதுல இருக்கற லிங்க்குக்கு)ன்னு இன்னும் ரெண்டு குறி வந்துச்சு, அப்பவே நோஃபாலோவை கண்டிப்பான உத்தரவா எடுக்காம ஒரு குறிப்பா எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அதை விடுங்க, தையல் வீடியோ போடறவர் டிஸ்க்ரிப்ஷன்ல உங்க பாபின் பக்கத்தைக் குடுத்தா அது நோஃபாலோ தான், ஆனா வீடியோவைப் பார்த்துட்டு வர்றவர் கையில அளவெடுத்த பாபினோட வர்றார். நான் தேடித் தேடிப் போய் கேக்கற லிங்க்ல பாதி நோஃபாலோ தான்.

கேள்வி: அக்கா, போன மாசம் சைட்டைப் புதுசா டிசைன் பண்ணோம், பார்க்க அழகா இருக்கு, ஆனா ட்ராஃபிக் பாதாளத்துக்குப் போயிடுச்சு. புதுசா லிங்க் பில்ட் பண்ணணுமா?

வேணாம்மா, கொஞ்சம் பொறுங்க, இருக்கற லிங்க்கையே நீங்க தொலைச்சிருக்கீங்க. உங்க பழைய யூஆர்எல் நாலஞ்சைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் 404, பக்கமே இல்லன்னு வருது. வருஷக்கணக்கா ஊர்ல உள்ளவங்க குடுத்து வெச்ச லிங்க் எல்லாம் இடிச்ச வீட்டு வாசல்ல வந்து நிக்குது. கூகுள் தளக்காரங்களுக்கு இலவசமா தர்ற சர்ச் கன்சோலைத் திறந்து லிங்க்ஸ் ரிப்போர்ட்டுக்குப் போங்க, வெளி லிங்க் அதிகம் வாங்கின பக்கங்கள்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதை எக்ஸ்போர்ட் பண்ணி ஒவ்வொண்ணுக்கும் புதுத் தளத்துல சரியான ஜோடி எதுன்னு பக்கத்துல எழுதுங்க, அப்புறம் பழைய முகவரிக்கு வர்றவரைப் புது முகவரிக்கு நிரந்தரமா திருப்பி விடற 301 ரீடைரெக்ட் போடச் சொல்லுங்க. 301 போட்டா மதிப்பு வழில சிந்திடும்னு ஒரு பேச்சு இருந்துச்சு, அப்படி எதுவும் குறையறதில்லன்னு 2016ல கூகுள்காரங்களே சொல்லிட்டாங்க.

டெவலப்பர் சோம்பல்பட்டு எல்லாத்தையும் ஹோம்பேஜுக்குத் திருப்பிடுவார், அதுக்கு ஒத்துக்காதீங்க. சம்பந்தமில்லாம ஹோமுக்குத் திருப்பினா கூகுள் அதை காணாமப் போன பக்கமாத் தான் எடுத்துக்கும், வர்றவருக்கும் எரிச்சல். ரீடைரெக்டைக் குறைஞ்சது ஒரு வருஷமாவது வெச்சிருங்கன்னு கூகுள் சொல்லுது, எடுக்க ஒரு காரணம் இல்லன்னா நான் எடுக்கவே மாட்டேன். முக்கியமான லிங்க் குடுத்தவங்களுக்கு மட்டும் புது முகவரியை எழுதி மாத்திக்கச் சொல்லுங்க. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு க்ளையன்ட் தளத்துல இதே நிலைமையைப் பார்த்தேன், மூணு மாசம் எல்லாரும் புது லிங்க்குக்கு ஓடிட்டு இருந்தாங்க, கடைசில பழைய பக்கங்களைத் திருப்பி விட்டதுல தான் ட்ராஃபிக் எழுந்திருச்சுது. அதுல இருந்து யார் வந்தாலும் நான் முதல்ல 404 லிஸ்ட்டைத் தான் கேக்குறேன்.

கேள்வி: ஒரு டூல் என் தளத்துக்கு நிறைய டாக்ஸிக் லிங்க் வருதுன்னு சிவப்புல காட்டுது. தூக்கமே வரல. டிஸ்அவோ பண்ணிடட்டுமா?

நிம்மதியா தூங்குங்க. ஊர் பேர் தெரியாத குப்பைத் தளம் எல்லாருக்கும் தானா லிங்க் குடுத்துட்டுத் தான் இருக்கு, கூகுள் அதைக் கண்டுக்கறதில்ல. டாக்ஸிக்குங்கறது அந்த டூல் வெச்ச பேர். இந்த லிங்க்கை எல்லாம் எங்க கணக்குல சேர்க்காதீங்கன்னு கூகுளுக்கு லிஸ்ட் குடுக்கற டிஸ்அவோ டூல் 2012 அக்டோபர்ல வந்தது, காசு குடுத்து நிறைய லிங்க் வாங்கினது உங்களுக்கே தெரியும், சர்ச் கன்சோல்ல மேனுவல் ஆக்ஷன்னு, அதாவது கூகுள் ஆளுங்களே பார்த்து நடவடிக்கை எடுத்தாங்கன்னு, நோட்டீஸும் வந்திருக்கு, இல்ல வந்துடும் போல இருக்குன்னா மட்டும் அதைத் தொடணும். அவசரப்பட்டு ஃபைலை ஏத்தி அதுல ஒரு நல்ல தளத்தையும் சேர்த்துட்டீங்கன்னா நஷ்டம் உங்களுக்கு.

கேள்வி: வழிகாட்டிக் கட்டுரை எல்லாம் எழுதி, நல்ல லிங்க்கும் கொஞ்சம் வந்து, ட்ராஃபிக் நிஜமாவே கூடிடுச்சு. ஆனா விற்பனை அப்படியே நிக்குது மேடம். நான் விக்கிறது சைக்கிள் பாகம். எங்க தப்பு?

உங்க கடிதம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, ஏன்னா இந்தக் கேள்வியைக் கேக்கற இடத்துக்கு வந்து சேரவே பாதி பேருக்கு முடியறதில்ல.

சர்ச் கன்சோல்ல பதினாறு மாச கணக்கு இருக்கும், அதுல எந்தத் தேடலுக்கு ஆள் வர்றாங்கன்னு பாருங்க. நீங்க அனுப்பின லிஸ்ட்ல மேல இருக்கறது "சைக்கிளைக் கண்டுபிடிச்சது யாரு" மாதிரி தேடல். அது பள்ளிக்கூடப் பிள்ளைங்க வீட்டுப்பாடத்துக்குத் தேடறது, அந்தக் கட்டுரைக்கு வந்த லிங்க்கும் பொது அறிவுத் தளங்கள்ல இருந்து வந்தது. தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அந்தக் கூட்டம் செயின் வாங்க வந்த கூட்டம் இல்ல. உங்ககிட்ட "செயின் தேஞ்சு போச்சான்னு எப்படிப் பார்க்கறது"ன்னு இன்னொரு பக்கம் இருக்கு, உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்ததை ஒரு ஜோடியா எண்ணி பத்து ஜோடியை அளந்தா சரியா பத்து இன்ச் வரணும், அதுக்கு மேல நீண்டிருந்தா செயின் தேஞ்சுட்டே வருதுன்னு அர்த்தம்னு அழகா எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சு அளந்து பார்த்துட்டு மாத்தணும்னு முடிவு பண்றவர் அந்த நிமிஷமே செயின் வாங்கப் போறவர். ஆனா அந்தப் பக்கம் அங்கயே முடியுது, கீழ "எங்கள் தயாரிப்புகள்"னு ஒரே ஒரு பட்டன், அதைத் தட்டினா இருநூறு பொருள் வருது, எந்த செயின்னு அவருக்கு எப்படித் தெரியும்? எட்டு ஸ்பீடுக்கு இது, பத்து ஸ்பீடுக்கு இதுன்னு அளவு சொல்ற இடத்துலயே பக்கத்தை நேரா குடுங்க. இனிமே லிங்க் கேட்டுப் போறதுன்னா இந்தப் பக்கத்துக்குக் கேளுங்க, சைக்கிள் ரிப்பேர் சொல்லித் தர்றவங்க, தூரப் பயணம் போற க்ளப் நடத்துறவங்க இவங்ககிட்ட. வரலாறு கட்டுரைக்கு இனி நேரம் செலவு பண்ண வேணாம்.

இன்னொண்ணு கவனிச்சேன், உங்களுக்கு வந்த நல்ல லிங்க் ரெண்டு நேரா ப்ராடக்ட் பக்கத்துக்குப் போகுது, அந்த ரெண்டு பொருளும் ஸ்டாக் இல்ல. அங்க வர்றவர் திரும்பிப் போறார். அந்தப் பக்கத்தை அழிச்சிடாதீங்க, அதுக்கு பதிலா பொருந்தற செயின் எதுன்னு மேலயே எழுதி லிங்க் குடுங்க.

லிங்க் வந்த தளத்துல இருந்து யாரும் வர்றதா அனலிட்டிக்ஸ் காட்டலன்னு எழுதியிருந்தீங்க. சில தளத்துல வெளி லிங்க்குக்கு நோரெஃபரர்னு போட்டிருப்பாங்க, அப்படி வர்றவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு தெரியாது, நேரா முகவரியைப் போட்டு வந்தவங்களோட டைரக்ட் கணக்குல போய் சேர்ந்துடுவாங்க. அதனால லிங்க் வந்த தேதியை ஒரு ஷீட்ல குறிச்சு வெச்சுட்டு, அந்த செயின் பக்கத்துக்கு மட்டும் முன்னாடி ரெண்டு மாசம், பின்னாடி ரெண்டு மாசம் எத்தனை ஆர்டர் வந்துச்சுன்னு பாருங்க. அந்த ரெண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்க, ஸ்டாக் பக்கத்தைச் சரி பண்ண தேதியையும் சேர்த்து எழுதுங்க, அடுத்த இதழ்ல அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.